ஸ்டெடி சாரும் பழைய லென்ஸும்

பொத்தென்று ஏதோ விழுந்த வேகத்தில், கண்ணாடி மேஜைக்குள் சாய்த்து வைத்திருந்த மாதிரிப் படங்கள் வரிசையாகச் சரிந்தன. மேஜை மேல் கிடந்தது ஒரு தடித்த காகித உறை. அதைப் போட்டவர் நர்சிங் பள்ளி பிரின்சிபால் அம்மா. குடையைக்கூட மடக்காமல் கடைக்குள் வந்திருந்தார். குடைக்கம்பிகளிலிருந்து சொட்டிய மழைத்தண்ணீர் தரைவிரிப்பில் வட்டம் போட்டது.

"பிரிச்சுப் பாருங்கம்மா. எங்க பொண்ணுங்க ஒவ்வொருத்திக்கும் ரெண்டு மூக்கு."

பாஸ்போர்ட் படங்களை வெட்டிக்கொண்டிருந்த போட்டோக்காரரின் மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். உறையைப் பிரிக்கவில்லை. பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. திரைச்சீலைக்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்தப் படங்களோடு மல்லாடியவளே அவள்தான். கலங்கிய படத்தின் கூர்மையைத் தீட்டிப் பார்த்தாள், இருட்டாக்கிப் பார்த்தாள், சின்னதாக்கிப் பார்த்தாள். தேறாது என்று தெரிந்துதான் பிரிண்ட் போட்டு அனுப்பியிருந்தாள். ஒருவேளை யாரும் உற்றுப் பார்க்கமாட்டார்கள் என்று ஒரு நப்பாசை.

அந்தப் பள்ளியில் பயிற்சியை முடிக்கும் பெண்கள் உறுதிமொழி எடுக்கிற விழா அது. அரங்கத்தில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிடுவார்கள். வெள்ளை உடுப்பில் வரிசையாக நிற்கும் பெண்கள் ஆளுக்கொரு மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு உறுதிமொழி சொல்வார்கள். அந்தச் சுடர் வெளிச்சத்தில் எடுத்த ஒற்றைப் படம்தான் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் மாட்டப்படும். திரும்ப எடுக்க முடியாத படம்.

பிரின்சிபால் சத்தம் போடவில்லை. அவர் குரலை உயர்த்தாமலேயே மாணவிகளை அழ வைக்கக்கூடியவர் என்று பேச்சு. அடுத்த வகுப்புக்கு இந்தச் சனிக்கிழமை விழா இருப்பதாகச் சொன்னார். பல வருஷப் பழக்கத்துக்காக இன்னொரு வாய்ப்புத் தருவதாகவும், அதுவும் இப்படியே வந்தால் இந்தக் கடை வாசலை மிதிக்கப்போவதில்லை என்றும் சொன்னார்.

"சனிக்கிழமை சாரே எடுப்பாரா, இல்ல வேற ஆளா? அதை மட்டும் முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லிடுங்க."

உள்ளே படம் எடுக்கும் அறையிலிருந்து, "ஸ்டெடி… ஸ்டெடி…" என்று ஒரு குரல் வந்தது. கூடவே ஒரு குழந்தை வீறிட்டது.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர்தான் போட்டோக்காரர். உட்காருகிறவர் யாராக இருந்தாலும், கைக்குழந்தையிலிருந்து ரிட்டயர்டு நீதிபதிவரை, அவர் சொல்வது அந்த ஒரே வார்த்தைதான். அதனால் தெருவில் அவருக்கு ஸ்டெடி சார் என்றே பெயர். மின்சார பில்லைக் கொண்டுவருகிறவர்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

ஸ்டெடி கேமராவோடு வெளியே வந்தார். பிரின்சிபாலைப் பார்த்துச் சிரித்தார். உறையைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. பெண்கள் பதற்றத்தில் ஆடிவிட்டார்கள், மெழுகு கையில் சொட்டும் பயம் வேறு, யார்தான் அசையாமல் நிற்பார்கள் என்று ஒரு விளக்கம் கொடுத்தார்.

பிரின்சிபால் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்க பின்னாடி சுவத்துல எங்க பள்ளிக்கூடத்துப் போர்டு இருக்கே, அதுவும் பதற்றத்துல ஆடிச்சா சார்?" என்றார்.

குடை வெளியேறியது. தரைவிரிப்பில் ஈர வட்டம் மட்டும் மிச்சம்.

ஸ்டெடி உடனே இன்னொரு விளக்கத்துக்குத் தாவினார். லென்ஸ்மேல் ஒரு தப்பும் இல்லை, அரங்கத்தில்தான் வெளிச்சம் போதவில்லை என்றார். மனைவி எழுந்து போய்த் திரைச்சீலையைச் சர்ரென்று இழுத்தாள். தலைவலி வருவதற்கு முன்னால் அவள் செய்யும் காரியம் அது.

அந்த வீட்டில், அதாவது முன்பக்கம் கடையும் பின்பக்கம் இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டுமாக இருந்த அந்தக் கட்டடத்தில், லென்ஸ் பேச்சு இல்லாமல் ஒரு வேளைச் சாப்பாடு நடந்ததில்லை. அலமாரியில் மூன்று லென்ஸ்கள் இருந்தன. கேமராவோடு கூடவே வந்த சின்ன ஜூம் ஒன்று. ஃபிளாஷ் போட்டு பாஸ்போர்ட் படம் எடுக்க அது போதும். இரண்டாவது ஒரு பெரிய ஜூம். கை ஆடினால் சமாளிக்கும் ஸ்டெபிலைசர் அதற்குள்ளேயே உண்டு. ஆனால் தூக்கிக்கொண்டு நடந்தால் பத்து மாதக் குழந்தையைச் சுமந்த மாதிரி இருக்கும். அதை வாங்கிய புதிதில், வீட்டுக்கு ஸ்டெபிலைசர் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்ட பக்கத்துக் கடைக்காரம்மா, ஃப்ரிட்ஜுக்கா, ஏசிக்கா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மூன்றாவதுதான் சக்களத்தி. மனைவி அப்படித்தான் சொல்வாள். மூடப்போன ஒரு பழைய ஸ்டூடியோவிலிருந்து ஸ்டெடி வாங்கி வந்த ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ். முழுக்க உலோகம். ஜூம் கிடையாது, ஃபோகஸைக் கையால்தான் திருக வேண்டும். இந்தக் காலத்து மிரர்லெஸ் கேமராவில் நேராகப் பொருந்தாது, நடுவில் ஒரு அடாப்டர் வளையம் போட வேண்டும். ஆனால் வாய் அகலம். மற்ற லென்ஸ்கள் இருட்டில் கண்ணைக் கசக்கும்போது இது பூனைபோல முழித்துப் பார்க்கும். ஸ்டெடி அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போவார். உறுதிமொழிப் படங்களையும் அதில்தான் எடுத்திருந்தார்.

சனிக்கிழமைக்கு எந்த லென்ஸ் என்று அன்று மத்தியானமே சண்டை ஆரம்பித்தது. பெரிய ஜூமைக் கொண்டுபோங்கள், அதில் ஸ்டெபிலைசர் இருக்கிறது என்றாள் மனைவி. அது வெளிச்சம் குடிக்காத லென்ஸ், மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஷட்டர் ஆமைபோலத் திறந்து மூடும் என்றார் அவர். கை ஆட்டத்தைத்தான் ஸ்டெபிலைசர் பிடிக்கும், பெண்ணின் ஆட்டத்தை அது எப்படிப் பிடிக்கும் என்று கேட்டார். அதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அவர் சொல்வதில் பாதி எப்போதும் சரியாக இருக்கும். மீதிப் பாதிக்குள் ஒளிந்துகொள்வார்.

முக்காலி வைக்கலாமே என்றால் அதற்கும் வழியில்லை. போன வருஷம் இருட்டில் ஒரு பெண் முக்காலியின் காலில் தடுக்கி, மெழுகுவத்தியோடு விழப் பார்த்தாள். அன்றிலிருந்து அரங்கத்துக்குள் முக்காலி கூடாது.

"கேமரா பாடிக்குள்ளயே ஒரு ஸ்டெபிலைசர் இருக்குன்னுதானே இந்தக் கேமராவை வாங்கினீங்க? கை ஒரு பக்கம் ஆடினா உள்ள படம் பதிவாகிற சென்சார் மறு பக்கம் நகர்ந்து சரி பண்ணும்னு நாள் பூரா எனக்குப் பாடம் எடுத்தீங்களே. எந்தப் பழைய லென்ஸைப் போட்டாலும் அது வேலை செய்யும்னீங்களே."

"செய்யுது."

"அப்போ போர்டு ஏன் ரெண்டா தெரியுது?"

அவர் ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் நனைத்தார். கரண்டியை எடுக்கவில்லை என்பதை அவள் கவனித்தாள்.

கொஞ்ச நாளாகவே அவள் கவனித்துக்கொண்டிருந்தாள். டீயைப் பாதிக் கோப்பைதான் ஊற்றச் சொல்கிறார். கடையைப் பூட்டும்போது சாவி துவாரத்தைச் சுற்றி இரண்டு தடவை கிறுக்குகிறது. பொத்தான் வைத்த சட்டைகள் அலமாரியின் அடிக்குப் போய்விட்டன. தலைக்குமேல் இழுத்துப் போடும் பனியன்கள் மேலே வந்துவிட்டன. கேட்டால் வெயில் என்பார். வெளியே விடாமல் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

இத்தனை நாள் வாய்க்குள் வைத்திருந்ததை அன்று துப்பிவிட்டாள்.

"உங்க கை நடுங்குதுங்க. டாக்டர்கிட்டக் காட்டலாம்."

ஸ்டெடி இரண்டு கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்தார். "எங்க நடுங்குது? பாரு. நல்லாப் பாரு."

"மேஜைமேல வச்ச கை யாருக்கும் நடுங்காது. தூக்கிக் காட்டுங்க."

கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிறது என்று எழுந்து போனார். கெட்டில் அப்போதுதான் முனகவே ஆரம்பித்திருந்தது.

அடுத்த இரண்டு நாள் அந்த வீட்டில் காரணங்களின் அணிவகுப்பு நடந்தது. அடாப்டர் திருகு தளர்ந்திருக்கிறது என்றார். புதுக்கண்ணாடியில் பவர் ஒத்துவரவில்லை என்றார். அரங்கத்தில் ஏசி காற்று அடித்துச் சுடர் ஆடியதால் படமே ஆடின மாதிரி தெரிகிறது என்றார். கடைசியாக, பிரின்சிபாலுக்கே பார்வைக் கோளாறு இருக்கலாம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். மனைவி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். ஆட்டி ஆட்டிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். பின்பு போனை எடுத்துத் தன் தம்பியைக் கூப்பிட்டாள்.

தம்பிக்கு, விற்பனைக்கு வரும் அடுக்குமாடி வீடுகளைப் படம் எடுக்கிற வேலை. எலி வளை மாதிரி இருக்கிற படுக்கையறையைக் கால்பந்து மைதானமாகக் காட்டுவதில் கெட்டிக்காரன். கேமராவைப் பற்றி வாயைத் திறந்தால் மூடமாட்டான் என்பதால் மாமனும் மச்சானும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் சாப்பாடு ஆறிப்போகும். ஆனால் சனிக்கிழமை வேலைக்கு அவனைக் கூப்பிட்டிருக்கிறாள் என்றதும் ஸ்டெடிக்கு அவன்மேல் இருந்த பாசமெல்லாம் வற்றிவிட்டது.

"உன் தம்பி என் இடத்துல நின்னு படம் எடுத்தான்னா நான் கடை ஷட்டரை இறக்கிட்டுப் போயிடுவேன்."

"இறக்குங்க. நானாவது நிம்மதியாத் தூங்குவேன். உங்க படத்தைத் தீட்டித் தீட்டி எனக்கு ஒரு கண்ணே ரெண்டாத் தெரியுது."

அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சமையல்கட்டில் பாத்திரங்கள்தான் பேசிக்கொண்டன.

வியாழக்கிழமை மத்தியானம் தம்பி வந்தான். நனைந்த மழைக்கோட்டை உதறி மாட்டிவிட்டு, கேமராப் பையை மட்டும் துண்டால் துடைத்தான். தலையைத் துடைக்கவில்லை. அவன் வந்து சேர்ந்த அதே நேரத்தில் கரண்ட் போனது. வானம் வேறு கறுத்திருந்தது. கடையின் ஷட்டரைப் பாதி இறக்கியதும் உள்ளே அரங்கம்போலவே இருட்டு.

தம்பிதான் யோசனை சொன்னான். வாய்ச்சண்டை எதற்கு, எடுத்துப் பார்த்துவிடலாம். படம் எடுக்கும் அறையில், பின்னணித் துணியின்மேல் செய்தித்தாளின் ஒரு பக்கத்தை டேப் போட்டு ஒட்டினார்கள். அதன் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் மெழுகுவத்தி. செய்தித்தாள் பதற்றப்படாது, மெழுகு சொட்டும் என்று பயப்படாது. இனிமேல் அந்தச் சாக்கு செல்லாது என்று மனைவி சொன்னாள். சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

முதலில் தம்பி, தன் கேமராவில் தன் லென்ஸைப் போட்டு எடுத்தான். முழங்கைகளை விலாவில் ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, மெதுவாக அமுக்கினான். லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்தார்கள். பொடி எழுத்து விளம்பரம்கூடப் படிக்க முடிந்தது. யாரோ பழைய சோபா விற்கிறார்கள்.

அடுத்து ஸ்டெடி. பழைய லென்ஸை மாட்டிய தன் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். பழக்க தோஷத்தில், "ஸ்டெடி…" என்று செய்தித்தாளைப் பார்த்து முணுமுணுத்தார். தம்பிக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டான்.

படத்தில் சோபா விளம்பரம் இல்லை. ஒரு சாம்பல் நிறத் தீற்றல் இருந்தது.

பாதி இறக்கிய ஷட்டர் வழியாகக் காற்று வருகிறது என்றார் ஸ்டெடி. ஷட்டரை முழுதாக இறக்கினார்கள். இரண்டாவது படம் முதல் படத்தைவிட மோசம்.

"போதுங்க," என்றாள் மனைவி. அவள் குரலில் கோபம்கூடத் தீர்ந்துபோயிருந்தது. "சனிக்கிழமை இவன் போகட்டும். நீங்க வாசல்ல நின்னு அந்தப் பொண்ணுங்களை வரிசைப்படுத்துங்க. இல்ல, வீட்ல இருங்க. என்னால அந்தம்மாகிட்ட இன்னொரு தடவை பேச்சு வாங்க முடியாது."

ஸ்டெடி கழுத்திலிருந்து கேமராவின் வாரைக் கழற்றினார். பின்பு அதை மச்சினனிடம் நீட்டினார்.

"மாப்ளே, நீ எடு. இதே கேமரா. இதே லென்ஸ். எதையும் மாத்தாத."

தம்பி அலட்சியமாக வாங்கினான். அதே முழங்கை, அதே மூச்சு, அதே மெதுவான விரல். லேப்டாப்பில் படத்தைத் திறந்தான்.

சாம்பல் நிறத் தீற்றல்.

இன்னொன்று எடுத்தான். சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஒன்று எடுத்தான். எல்லாம் அதே கதி. தம்பி காதைச் சொறிந்தான். தன் கையை உயர்த்திப் பார்த்துக்கொண்டான். கை கல்லுப்போல நின்றது.

ஸ்டெடி நிமிர்ந்தார். அந்த வாரத்திலேயே முதல் தடவையாக அவர் முகத்தில் ரத்தம் ஓடியது. சமையல்கட்டுக்குப் போய் ஒரு ரொட்டித் துண்டை எடுத்துவந்து, நின்றபடியே தின்றார். மச்சினனுக்கும் நடுக்கம் வந்துவிட்டதுபோல, அவனையும் டாக்டரிடம் கூட்டிப்போகலாமே என்று வாய் நிறைய ரொட்டியோடு கேட்டார். மனைவி அவர் சொன்ன காரணங்களை எல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அடாப்டர் திருகு நிஜமாகவே தளர்ந்திருந்தால்? இத்தனை நாள் அந்த மனுஷனைக் குதறியது தான்தானா?

தம்பி கேமராவை விடவில்லை. பாடியில் இருந்த ஸ்டெபிலைசரை அணைத்துவிட்டு ஒரு படம் எடுத்தான். இப்போது சோபா விளம்பரம் ஓரளவு தெரிந்தது.

"அக்கா, இது என்ன கூத்து? ஸ்டெபிலைசர் போட்டா ஆடுது, அணைச்சா ஆடலை."

மெனுவுக்குள் புகுந்தான். பட்டனைத் தட்டிக்கொண்டே போனவன் ஓரிடத்தில் நின்றான். லென்ஸைக் கழற்றி அதன் விளிம்பைப் பார்த்தான். மறுபடி மெனுவைப் பார்த்தான்.

அவன் சொன்ன விளக்கம் இதுதான். புது லென்ஸ்கள் கேமராவோடு தாமே பேசிக்கொள்ளும், நான் இத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லிவிடும். பழைய லென்ஸ் ஊமை. அதன் எண்ணை நாம்தான் மெனுவில் கொடுக்க வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான், கை இவ்வளவு ஆடினால் சென்சாரை எவ்வளவு நகர்த்துவது என்று கேமரா கணக்குப் போடும். லென்ஸ் ஐம்பது. மெனுவில் இருநூறு என்று இருக்கிறது. கொஞ்சம் ஆடினாலே கேமரா நாலு மடங்கு எதிர்ப்பக்கம் தள்ளிவிடுகிறது. ஆட்டத்தை நிறுத்த வேண்டியதே ஆட்டிக்கொண்டிருக்கிறது.

"யார் கையில இருந்தாலும் இப்படித்தாங்க்கா வரும்."

மனைவி தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு மாதம் முன்னால் அவன் கேமரா பழுது என்று இந்தக் கேமராவை வாங்கிக்கொண்டு போயிருந்தான். அவ்வளவுதான், இத்தனை நாள் எரிச்சலும் திசை மாறி அவன்மேல் இறங்கியது. அடுத்தவர் பொருளை வாங்கினால் வாங்கின மாதிரித் திருப்பித் தர வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே அவனுக்குத் தெரியாது என்றாள். அவள் சைக்கிளை அவன் வாங்கிப்போய் மணியில்லாமல் கொண்டுவந்ததைச் சொன்னாள். அவன் ஒருத்தனால் இந்த மனுஷன் ஊருக்கு முன்னால் தலைகுனிந்தார் என்றாள். தம்பி, என் லென்ஸைத்தான் போட்டு எடுத்தேன், அந்த மெனு பக்கமே போகவில்லை என்று சத்தியம் செய்தான். அவள் கேட்கவில்லை.

"நீ தொடலைன்னா அந்த நம்பர் தானா ஏறிடுச்சா?"

"எனக்கென்னக்கா தெரியும்? நான் சைக்கிள் மணியைக்கூடத் தொடலை."

ஸ்டெடி பாதி ரொட்டியை மேஜைமேல் வைத்திருந்தார். அதை மறுபடி எடுக்கவில்லை.

தம்பி எண்ணை ஐம்பதுக்கு இறக்கினான். ஸ்டெபிலைசரைப் போட்டு ஒரு படம் எடுத்தான். சோபாவின் நிறம், அளவு, விற்கிறவரின் போன் நம்பர் எல்லாம் துல்லியமாக விழுந்தன. பெரிய ஜூம் கொடுக்க முடியாத ஒரு குழைவும் இருந்தது. மெழுகுவத்தியைச் சுற்றி வெளிச்சம் மெல்லக் கரைந்து இருட்டில் போய்ச் சேர்ந்தது. மனைவி லேப்டாப்பின் பக்கம் குனிந்து வெகு நேரம் பார்த்தாள். இப்படி ஒரு படத்தைத் தீட்ட வேண்டிய வேலையே இல்லை.

அவளுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. அதனால் திட்டுகிற குரலிலேயே கேட்டாள்.

"சரி, உங்க கையைச் சந்தேகப்பட்டது தப்புதான். லென்ஸைத் திட்டினதும் தப்பு. அதுக்காக மூஞ்சியை இப்படித் தூக்கி வச்சுக்காதீங்க. வாங்க, நீங்களும் ஒண்ணு எடுங்க, பார்ப்போம்."

தம்பி கேமராவை நீட்டினான். ஸ்டெடி வாங்கிக்கொண்டார். கண்ணுக்குக் கொண்டுபோகவில்லை. லென்ஸ் மூடி எங்கே என்று ஸ்டூலின் மேலும் கீழும் தேடினார். மூடி அவர் கால்சட்டைப்பையிலேயே இருந்ததை மச்சினன் காட்டிக்கொடுத்தான்.

மனைவி அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. வாரம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அப்போதுதான் விட்டாள். சனிக்கிழமை சாரே எடுப்பார், தப்பு எங்கே என்று கண்டுபிடித்தாயிற்று, போர்டு ஆடாது என்று அந்தம்மாவிடம் இப்போதே சொல்லிவிட வேண்டும் என்றாள். போர்டு என்கிற சொல்லைக் கொஞ்சம் அழுத்தியே சொல்லப்போவதாகவும் சொன்னாள். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, போனை எடுத்து நம்பரைத் தட்டினாள். மழைச் சத்தத்துக்கு நடுவே மறுமுனையில் மணி அடிப்பது மூன்று பேருக்கும் கேட்டது.

"போனை வை," என்றார் ஸ்டெடி.

"ஏங்க?"

"வைம்மா."

அவள் கட் செய்தாள். அவர் மெழுகுவத்தி இருந்த ஸ்டூலைச் சுற்றி வந்து, கேமராவை அவள் மடியில் வைத்தார். வைத்த பிறகும் கைகளை உடனே எடுக்கவில்லை. எடுத்தபோது மறைக்கவும் இல்லை. சுடர் வெளிச்சத்தில் அந்த விரல்களின் நிழல் செய்தித்தாள்மேல் படபடத்தது.

"அவனைத் திட்டாத. ஐம்பதுலதான் வச்சிருந்தேன். கை நடுங்க நடுங்க, நம்பர் கூடுதலா இருந்தா கேமரா இன்னும் கெட்டியாப் பிடிச்சுக்கும்னு நெனச்சு, நான்தான் ஏத்திக்கிட்டே போனேன்."